மணிக்கட்டில் கேட்ட சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். எங்களுக்குச் சோமனூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். வீட்டையும் தறிக்குடோனையும் பிரிப்பது ஒரே ஒரு சுவர்தான். தறிகள் ஓடும்போது அந்தச் சுவரில் மாட்டிய காலண்டர்கூடச் சும்மா இருக்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்குச் சில மாதங்களாகவே வலது காதில் ஒரு சத்தம். “தறி நின்ன பொறவும் எனக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது கண்ணு” என்பார். தலையணையில் காதை வைத்தால் இன்னும் கூடுகிறது, தூக்கமே இல்லை. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “தறிக்காரி காதுல சத்தம் வராம, பின்ன நாதஸ்வரமா வரும்?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் கொஞ்சம் வயதானவர் யாரிடமும் மெதுவாகப் பேசிக் காரியம் ஆகாது. காது மந்தம் அங்கே தலை நரைப்பதுபோல, வரும், வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அப்பாவும் வந்தால் தறி நின்றுவிடும் என்பதால் நான் மட்டும் லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போனேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் வீட்டைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இருந்த பெரிய விஷயம் சத்தம். அதற்கு என் கைவசம் இருந்ததோ ஒரே வார்த்தை. “மை ஹவுஸ் ஃபுல் சவுண்ட்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது.

அன்றிலிருந்து சத்தத்துக்கான இங்கிலீஷ் வார்த்தை எங்கே கண்ணில் பட்டாலும் விடமாட்டேன். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், நான் இதைச் சேர்த்தேன். தறி ஓடுவது ‘க்ளாட்டர்’. மோட்டார் ஓடுவது ‘ஹம்’. சந்தைக்குள் நுழையும்போது காதில் மொத்தமாக வந்து மோதுகிறதே, அது ‘ஹப்பப்’. தண்ணீர் லாரி வந்ததும் குடங்களோடு நடக்கிற கூத்து ‘கமோஷன்’. கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனால் எழும்புவது ‘அப்ரோர்’. எல்லாம் சேர்ந்த பெரிய அமளிக்கு ‘பாண்டமோனியம்’ என்ற வார்த்தை கிடைத்த அன்று எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லிக் காட்டத்தான் ஊரில் ஆள் கிடைக்கவில்லை. இப்போது நான் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலையில் இருக்கிறேன். அந்த வேலைக்குக்கூட இந்தச் சேகரிப்பு ஒருவகையில் உதவியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் காதுக்கென்றே தனியாக வார்த்தைகளைத் தேடிப் படித்து வைத்திருந்தேன். ரிங்கிங், பஸ்ஸிங், ஹிஸ்ஸிங், ரோரிங். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

“என்ன கண்ணு, மந்திரமா?” என்றார் அம்மா.

“ஆமாம்மா, டாக்டருக்கு” என்றேன்.

மூன்றாவது மாடியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு. லிஃப்ட் என்றாலே அம்மாவுக்குப் பயம். படியேறிப் போனோம். மேலே போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்தில், கோவை உக்கடத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தம்பதி. கணவருக்கு அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, நல்ல தோள்கட்டு. அந்த அம்மா கறுப்பு புர்காவில், மடியில் ஒரு டிபன் பையோடு. அவர் கேள்விகளை ஊருக்கே கேட்கும்படி கேட்பார், அந்த அம்மா சத்தமில்லாமல் கையாலேயே பதில் சொல்வார். “டீ குடிக்கலாமா?” என்று அவர் கேட்டபோது கூடத்தில் இருந்த நாலைந்து பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் முறை வந்தது. வாசலில் இருந்த நர்ஸ், “டாக்டரம்மா வடக்க இருந்து வந்தவங்க. தமிழ் இப்பத்தான் பழகிட்டு இருக்காங்க. நான் கூட நின்னு சொல்லட்டுங்களா?” என்று கேட்டார்.

“வேண்டாங்க சிஸ்டர், நானே சொல்லிக்கறேன்” என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு பெருமை!

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். காது கேட்கும் அளவைப் பரிசோதித்த ரிப்போர்ட் முன்னால் இருந்தது. என்ன தொந்தரவு என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “மேடம், தேர் இஸ் எ கமோஷன் இன் மை மதர்ஸ் இயர்” என்றேன். அவர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். கேலிச் சிரிப்பு இல்லை. பிறகு, எந்த மாதிரிச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் நான் படித்து வைத்திருந்த வார்த்தைகள்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வியே வந்த சந்தோஷம் எனக்கு.

“அம்மா, மணி அடிக்கற மாதிரியா, வண்டு பறக்கற மாதிரியா, பாம்பு சீர்ற மாதிரியா?”

“மணியும் இல்ல, வண்டும் இல்ல கண்ணு. உஸ்ஸு… உஸ்ஸுன்னு…” என்றபடி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தட்ட ஆரம்பித்தார். ஃபைலைப் புரட்ட அந்தக் கை வேண்டியிருந்தது. மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

“ஹிஸ்ஸிங், மேடம். லைக் ஸ்நேக்” என்றேன்.

விடாமல் கேட்கிறதா, விட்டு விட்டா என்று டாக்டர் கேட்டார். இரவும் பகலும் இருக்கிறது என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாரே, அதனால் “கன்டினியூயஸ்” என்றேன். தறி ஓட்டுகிறவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் தலையசைத்தார். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் எந்த டாக்டரும் அப்படித்தான் தலையசைத்திருப்பார். பல வருடம் இரைச்சலில் இருந்த காது, இப்படி ஆவது வழக்கம், பழகிக்கொள்ள வேண்டியதுதான், தறிக்குப் போகும்போது காதில் அடைப்பான் போடுங்கள், இந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

மருந்து வாங்கப் போகும் முன் அம்மாவைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தேன். “தறிச் சத்தந்தான்மா. பழகிக்கோணுமாம்” என்றேன். அம்மா மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டினார்.

தறிக்குடோன் பக்கம் போகாதவர்களுக்கு இது புரியாது. அங்கே வாய் பேசினால் கேட்காது. கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். மணிக்கட்டில் இரண்டு தட்டு என்றால் நூல் அறுந்துவிட்டது, ஓடு. அழுத்திப் பிடித்தால் சாப்பிட வா. கையை விரித்துக் கீழே அமுக்கிக் காட்டினால் நின்றுவிட்டது, அல்லது நிறுத்து. சின்ன வயதில் அம்மா என்னிடம் பேசியதில் பாதி என் மணிக்கட்டில்தான் பேசியது. ஆனால் அன்றைக்கு, ஆஸ்பத்திரியில், அந்தக் கை என்னவோ சொல்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. கவலையில் சும்மா தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏனுங் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் பக்கத்திலிருந்த உக்கடத்து அம்மா. “அம்மா உங்க கையில என்னமோ சொல்றாங்களே, என்னதுங்க?”

“காதுல சத்தம் வருதுங்க. அதத்தான் சொல்றாங்க.”

“அது வாயில சொல்றதுங்க. நான் கேக்கறது கையில.”

நான் அம்மாவின் விரலைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். “எங்கூட்டுக்காரருக்குப் பாத்திரப் பட்டறைல அடிச்சு அடிச்சே காது போயிருச்சு. எங்க குடித்தனமே கையிலதான் ஓடுது. சண்டையும் கையிலதான்.”

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று கணவருக்குத் தெரிந்துவிட்டது. “என்ன, என்னையப் பத்திப் பிராதா?” என்று கூடம் அதிரக் கேட்டார். அந்த அம்மா விரலை ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்ட, அவர் சிரித்துவிட்டு அடங்கினார்.

“அதனால எனக்கு மனுசங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி கண்ணு கைக்குத்தான் போகும். காலைல நீங்க படியேறி வந்து உக்காந்தப்ப அம்மா மடியில வெரசா வெரசாத் தட்டிட்டு இருந்தாங்க. இப்பப் பாருங்க, நிதானமாத் தட்டறாங்க. அது ஏன்னு கேளுங்க.”

நான் கேட்பதற்குள் அம்மாவே பிடித்துக்கொண்டார். “அப்படிக் கேளுங்க அம்மணி! அதத்தான் இவங்கிட்ட உள்ள இருந்தே சொல்லிட்டு இருக்கறேன். படியேறுனா அதுவும் ஓட்டமா ஓடுது. உக்காந்தா அதுவும் உக்காந்துக்குது. இப்படித்தான் வருதுன்னு தட்டித் தட்டிக் காட்டறேன், இவன் பாம்பா வண்டான்னு கேக்கறான்.”

உக்கடத்து அம்மா சிரிக்கவில்லை. “எனக்கு வைத்தியமெல்லாம் தெரியாதுங்க தம்பி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தறிச் சத்தமா இருந்தா, படியேறுனா ஓடுமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் இன்னொரு கையை எடுத்து நாடியைத் தேடினேன். என் இடது மணிக்கட்டில் அம்மாவின் விரல் தட்டிக்கொண்டிருந்தது. என் வலது கை விரலின் கீழே அம்மாவின் நாடி துடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. ஒருமுறைகூடப் பிசகவில்லை.

“போங்க, உள்ள போயிச் சொல்லுங்க” என்றார் உக்கடத்து அம்மா.

எனக்குத் தயக்கம். எங்கள் முறை முடிந்துவிட்டது. ஒரே ஒரு டோக்கன் பாக்கி, அதற்குப் பிறகு டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விடுவார், இனி அடுத்த சனிக்கிழமைதான் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி டோக்கன் இவர்களுடையது. காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்.

“எங்க டோக்கன்ல போங்க.”

“அப்புறம் உங்களுக்குங்க?”

“இவருக்குக் காது கேக்காம இருவது வருசம் ஆச்சு. இன்னொரு வாரத்துல புதுசா என்னத்தக் கேக்காமப் போகப் போகுது?” என்றவர், கணவர் பக்கம் திரும்பிக் கையால் என்னவோ சொன்னார். காதைக் காட்டினார், நெஞ்சைத் தட்டினார், என் அம்மாவைக் காட்டினார். கணவர் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தார். எழுந்து வந்து டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “இப்பத்தான பாத்துட்டு வந்தீங்க. டோக்கன் மாத்தக் கூடாதுங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. டோக்கன் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த ஒருவர், “அதென்னங்க, போனவங்களே மறுக்காப் போறாங்க? அப்ப நாங்கல்லாம் எதுக்கு நிக்கறோம்?” என்று ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். உக்கடத்துப் பெரியவருக்கு இவர்கள் சொல்வது எதுவும் காதில் விழவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கையை உயர்த்திக்கொண்டு, “எங்க டோக்கனுங்க! நாங்களாத்தான் குடுத்தோம்! அந்தம்மா போகட்டும்!” என்று முழங்கினார். பட்டறை அடிக்கு மேலே பேசிப் பழகிய குரல். தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வீறிட்டது. படிக்கட்டில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தார். “சத்தம் போடாதீங்க!” என்று நர்ஸ் போட்ட சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

அறைக் கதவு திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, “வாட் இஸ் திஸ் கமோஷன்?” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் கண் என் மேல் விழுந்தது.

அத்தனை வருடம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. அம்மாவின் கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தேன். “மேடம், ப்ளீஸ் சீ” என்றேன். அம்மா தட்டினார். டாக்டர் அந்த விரலையே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து அம்மாவின் மறு கையில் நாடியைப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் முகம் மாறியது. அம்மாவின் தோளை அணைத்து உள்ளே கூட்டிப்போனார்.

ஸ்டெதஸ்கோப்பை அம்மாவின் வலது காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கழுத்தில் வைத்துக் கேட்டார். திரும்பவும் காதுக்குப் பின்னால். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

வாய்க்கால் மதகில் தண்ணீர் தள்ளித் தள்ளிப் போகிற மாதிரி ஒரு சத்தம். உஸ்ஸு… உஸ்ஸு… அம்மா சொன்ன அதே சத்தம், அம்மா தட்டிய அதே தாளம். இத்தனை மாதமாக அம்மா இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அதே வீட்டில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது.

“வூஷிங்” என்றார் டாக்டர் மெதுவாக. இது தறியால் வந்தது இல்லை என்றும் சொன்னார். ‘வூஷிங்’ என்ற வார்த்தை என் சேகரிப்பில் இருக்கவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குப் பின்னால், மூளையை மூடியிருக்கிற உறையில், ஒன்றோடொன்று சேரக்கூடாத ரத்தக் குழாய்கள் சேர்ந்துகொண்டிருந்தன. ரத்தம் வேகமாகப் பாய்கிற சத்தம்தான் அது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. டாக்டரே என்னிடம், உன் மேல் மட்டும் குறை இல்லை, நானும் அந்தக் கையைக் கவனித்திருக்க வேண்டும் என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அவசியமே இல்லை, ஆனாலும் சொன்னார்.

அன்று ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது உக்கடத்துத் தம்பதி போய்விட்டிருந்தார்கள். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அடுத்த சில நாட்களிலேயே சிகிச்சை நடந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இணைப்பை அடைத்தார்கள். மறுநாள் காலையில் அம்மாவைப் பார்க்க விட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். ஏதோ காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

“அம்மா, சத்தம் கேக்குதா?”

“கரண்டு போயிருச்சா கண்ணு?” என்றார்.

எங்கள் ஊரில் கரண்டு போனால் அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது ஒரு அமைதி வரும். மரத்தில் குருவி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். அந்த அமைதி அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது.

அது சனிக்கிழமை. திடீரென்று நினைவு வந்து மூன்றாவது மாடிக்கு ஓடினேன். கூடம் நிறைய ஆள். அந்தக் கோடியில், அதே வெள்ளைத் தொப்பி, அதே டிபன் பை. கூட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். காதைத் தொட்டு, கையைத் திருப்பி, ‘என்ன ஆச்சு?’ என்றார். எனக்குத் தெரிந்த தறிக்குடோன் பாஷையில் கையை விரித்துக் கீழே அமுக்கிக் காட்டினேன். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார். கையை வானத்தைப் பார்த்து ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு கணவரின் முழங்கையைத் தட்டி, என்னைக் காட்டி, அதே மாதிரி கையை அமுக்கிக் காட்டினார்.

அவர் எழுந்தே விட்டார். “நின்னுபோச்சா! அந்தம்மாவுக்குச் சத்தம் நின்னுபோச்சாம்!” என்று கூடம் முழுக்கச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன வாரத்து நர்ஸ் வாயில் விரலை வைத்து “உஷ்” என்றவர், என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் இருந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் கூப்பினேன். அதற்குள் அவர்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள், உள்ளே போய்விட்டார்கள். அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டிய நேரம், நானும் இறங்கி வந்துவிட்டேன். அதன் பிறகு அவர்களைப் பார்க்கவில்லை. உக்கடம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே தேடுகிறேன்.

வார்த்தை சேர்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, ‘வூஷிங்’கும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஊரில் கரண்டு போய்த் தறிகள் எல்லாம் நிற்கிறபோது, அம்மாவின் கை எதையும் தட்டாமல் மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்கிறேன். பெயர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் அடுத்த வேலையைப் பார்க்கத் தோன்றுகிறது.